பன்னிரண்டு கோழிகள்

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை 8.00, 10.00, 12.00, 2.00, 4.00, 6.00. ஆறு வேளையும் சொட்டு மருந்து போட்டாயிற்று.

நேரத்தை எழுதி வைக்கச் சொன்னது டாக்டரம்மா. அதற்காகத்தான் இந்த டைரியை எடுத்தேன். இவருடைய பம்ப் பட்டறையில் பொங்கலுக்குக் கொடுத்தது. ஏழு மாதமாக மாவு டப்பாவுக்கு அடியில் கிடந்தது. நாளைக்கு இன்னொரு டாக்டர் கேட்டால் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. அதனால் முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து டிவியில் தோட்டம் போடுகிற வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தார். "பாப்பா, டிவி கெட்டுப்போச்சாட்ட இருக்குது, ஒரு மூலை கறுத்துக் கெடக்குது பாரு" என்றார். மகள் மௌனிகா எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்குதுப்பா" என்றாள். தோட்டத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் பொழுது சாய்ந்துவிட்டது என்று மனிதர் நினைத்திருக்கிறார். மூன்று நாள் டிவியின் தலையில் தட்டித் தட்டிப் பார்த்தார். நான் இழுத்துக்கொண்டு போன பிறகுதான் கோளாறு டிவியில் இல்லை, வலது கண்ணில் என்று தெரிந்தது. கண்ணின் பின்பக்கத் திரை கிழிந்து சுருண்டுவிட்டதாம். முந்தாநாள் சனிக்கிழமை ஆபரேஷன் நடந்தது.

இடது கண் பத்தொன்பது வயதிலேயே இரும்புத் தூள் தெறித்துப் போனது. அதன் முன்னால் விரலை ஆட்டினால் ஆடுவது தெரியும், எத்தனை விரல் என்று தெரியாது. லேத்து ஓட்டுகிறவருக்கு இருந்தது ஒரே கண்தான்.

கண்ணுக்குள் ஏதோ வாயு அடைத்திருக்கிறார்கள். அது மேல்நோக்கித்தான் போகுமாம். குப்புறப் படுத்திருந்தால்தான் பின்பக்கத் திரையை அழுத்திப் பிடிக்கும். பசை காயும் வரை கையை எடுக்காமல் பிடித்திருப்போமே, அது மாதிரி. பதினைந்தாம் தேதி வரை இப்படித்தான். சாப்பிட எழுந்தாலும் தலையைக் குனிந்தபடியே இருக்க வேண்டும். வாயு கரையும் வரை ஊட்டிப் பக்கம் போகக்கூடாது, மலை ஏறினால் அது விரியும் என்றும் சொன்னார். கல்யாணமான பதினேழு வருஷத்தில் ஒரு தரம்தான் ஊட்டிக்குக் கூட்டிப் போயிருக்கிறார், டாக்டரம்மா மெனக்கெட்டுத் தடுக்க வேண்டியதே இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆறு வேளையும் சரியாகப் போட்டேன்.

கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டோம். தலைமாட்டில் ஒரு முக்காலி, அதன் மேல் தலையணை, அதில் நெற்றியை வைத்துத் தரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். தரை தெரியாது. கண்மேல் பிளாஸ்டிக் மூடி.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மௌனிகா அவருடைய தோட்டத்தைப் போட்டாள். இவள் ஆட ஆட அவர் கேட்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வர்ணிக்கத் தெரியவில்லை. "தண்ணி ஊத்தியாச்சுப்பா. பறிச்சாச்சுப்பா." தந்தி மாதிரி இருந்தது. "மானம் மூட்டமா வெயிலா, மாடு எங்க நிக்குது, அதச் சொல்லு சாமி" என்று இவர் கெஞ்சினார்.

பிறகு பேச்சு யாருக்கு எது பிடிக்கும் என்று திரும்பியது. மௌனிகாவுக்குக் கார் ஓட்டுவது. ஓட்டுவதை விடப் பக்கத்துக் காரை இடித்துப் பள்ளத்தில் தள்ளுவதில்தான் குஷி. பெயர் மௌனிகா, கார் விளையாடும்போது தெரு முனை வரை கேட்கும். இவருக்கு மூன்று வருஷமாக இந்தத் தோட்டம்தான். ஏன் என்று கேட்டதற்குத் தலையணைக்குள்ளிருந்து சொன்னார்: "இதுல யாரும் சாகறதில்ல, தோக்கறதில்ல. தண்ணி ஊத்துனா மொளைக்குது. நாள் பூரா இரும்பு சீவறவனுக்கு வேறென்ன வேணும்?"

"அம்மிணி, உனக்கு?" என்றார்.

எனக்கு ஒன்றும் கிடையாது என்றேன்.

"பொய். போன்ல கட்டை அடுக்கறது யாராம்?" என்றாள் மௌனிகா. அது விளையாட்டில்லை. மேலிருந்து விழுகிற கட்டையை இடம் பார்த்து அடுக்குவது. அடுக்குவது வேலை. ரேஷன் வரிசையில் நிற்கும்போது சும்மா நிற்காமல் செய்கிறேன், அவ்வளவுதான்.

"அம்மா அதையும் படிச்சுப் பாத்து ஆடாதுப்பா. போன் என்ன கேட்டாலும் ஓகே அமுத்தீரும். அதான் தெனம் காலைல ராசிபலன் வருது" என்றாள். இருவரும் சிரித்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் கேட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

ஆறு வேளை. நான் அரைத்து விற்கிற மாவில் உப்பில்லை என்று மூன்று வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பயமெல்லாம் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

8.00, 10.00, 12.00, 2.00, 4.00, 6.00.

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன்.

காலை பதினோரு மணி. கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. இவர் தலையணைக்குள்ளிருந்து, "செல்வநாயகி" என்றார். முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மனசு சரியில்லை என்று அர்த்தம். "இது தேறலைன்னா பட்டறைல எனக்கு என்ன வேலை குடுப்பாங்க? வாட்ச்மேனாட்ட கேட்டத் தொறந்து மூடறதா?" என்றார். "இருங்க, தோட்டத்தப் போடறேன், சத்தமாவது கேளுங்க" என்று ஓடினேன்.

கை முழுக்க மாவு. கழுவாமலேயே கன்ட்ரோலரை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில், "அக்கா, ஒரு கிலோ மாவு" என்று குரல். திரையில் என்னவோ கேட்டது. ஓகே. மறுபடி ஏதோ கேட்டது. ஓகே. பெயர் என்ன என்று கேட்டது போல, அதற்கும் ஓகே, ஓகே. மாவைக் கொடுத்துவிட்டு வந்து பார்க்கிறேன். தோட்டத்தைக் காணோம்.

பாறையும் களையும் மண்டிய ஒரு பொட்டல். நடுவில் குடிசை. 'நாச்சி மௌனி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த பலகையில் வெறும் ஏ, ஏ, ஏ, ஏ என்று நாலு எழுத்து. வேறெங்கோ போய்விட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னால் போனேன், முன்னால் வந்தேன். பழைய தோட்டத்தை அழித்து, அதன் மேலேயே புதிதாக ஆரம்பித்துவிட்டேன். மூன்று வருஷம்.

"என்ன அம்மிணி, சத்தத்தயே காணோம்?"

"இப்பத்தானுங்க விடியுது."

"கோழியெல்லாம் எந்திரிச்சிருச்சா?"

"எந்திரிச்சிருச்சுங்க. பன்னெண்டும்" என்றேன்.

திரையில் ஒரு கோழிகூட இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆறு வேளை.

மௌனிகா பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். சமையலறைக்கு இழுத்துப் போய்ச் சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தால் அழுதாள். "அதுல நானும் அப்பாவும் நட்ட மொத மரம் இருந்துச்சும்மா" என்றாள். ஆறாம் வகுப்பில் அம்மை போட்டு வீட்டில் கிடந்தபோது நட்டது. எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை.

இப்போது சொல்ல வேண்டாம் என்று முடிவு. கண்ணைக் காட்டிவிட்டு வரும் வரைக்குமாவது அவருக்கு அந்தத் தோட்டம் இருக்கட்டும்.

சாயங்காலம் தலைவலி என்று பொய் சொல்லி டிவி சத்தத்தை அடைத்துவிட்டேன். மௌனிகா கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு விழித்தாள். அவளுக்குப் பொய் வரவில்லை. நானே ஆரம்பித்தேன். கிணற்றுக்கு வடக்கே நீலக் கூரைக் கொட்டகை, வாசலில் இரண்டு மாடு, அதில் கொம்பு வளைந்தது இன்றைக்கும் வேலியில் உரசிக்கொண்டு நிற்கிறது. மூன்று வரிசை பரங்கி, நாலாவது வரிசையில் பாதி காலி, போன மழையில் காக்கை கொத்தியது. காற்றாடியில் ஒரு இறக்கை மட்டும் சிவப்பு. ஓடைப் பாலத்தில் மூன்றாவது பலகை உடைந்திருக்கிறது, இன்னும் மாற்றவில்லை.

அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்?" என்று மௌனிகா என் காதில் கிசுகிசுத்தாள். சமையலறையிலிருந்து பார்த்தால் நேராக டிவி. கண்ணில் பட்டால் நான் என்ன செய்ய?

ஆகஸ்ட் 10, சனி

ஆறு வேளை.

மத்தியானம் இவர், "அந்தக் கன்ட்ரோலரக் குடு அம்மிணி, சும்மா கைல வெச்சுக்கறேன்" என்றார். குப்புறப் படுத்தபடியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பட்டனாகத் தடவினார். ஒரு பட்டனில் விரல் நின்றது. நகத்தால் எதையோ சுரண்டினார். விரலை மூக்கருகில் கொண்டுபோனார்.

கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. பக்கத்தில் போய் முதுகைத் தடவி, "அழுகாதீங்க, நல்லாயிரும்" என்றேன். "ஆமா அம்மிணி" என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை அவரால்.

பாவம், எவ்வளவு ஆசை அந்த விளையாட்டின் மேல்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆறு வேளை.

இன்று இவர் சாதாரணமாகப் பேச்சை ஆரம்பித்தார். "இப்ப யாராச்சும் புதுசா இதை ஆரம்பிக்கறாங்கன்னு வெச்சுக்க. எல்லாரும் மொதல்ல பாறைய ஒடைக்கப் போவாங்க. அது தப்பு. சோந்து போயிருவ. மொதல்ல கெணத்துப் பக்கம் வெங்காயம். நாலு நாள்ல வந்துரும். அதுக்கப்புறம்தான் கோழி."

"கோழிக்கு என்ன பண்ணணுமுங்க?" என்று கேட்டேன்.

"ஓடையத் தாண்டி அக்கட்டால ஒரு பெரியவரு குடிசை இருக்குது. அவருக்கு மீன் புடிச்சுக் குடுத்தா ஒரு கோழிக்குஞ்சு தருவாரு. அது நெறையப் பேருக்குத் தெரியாது."

பட்டறையில் யாரோ புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள் போல, அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை. எனக்கு நல்லதாகப் போயிற்று. சமையலறைக்குப் போய் இந்த டைரியின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நேற்றும் இன்றும் ஆறு வேளை.

மத்தியானம் அவர் கண் அசந்ததும் சத்தத்தை அடைத்துவிட்டு உட்காருகிறேன். வெங்காயம் வந்துவிட்டது. மீன் பிடிப்பதுதான் சிரமம். நான் இழுப்பதற்குள் ஓடிவிடுகிறது. இன்று பதினோராவது தடவையில் ஒன்று மாட்டியது. அந்தக் குடிசைக்காரர் வாங்கிக்கொண்டு குஞ்சைக் கொடுத்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

இது எனக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. கெடுத்தது நான், சரிசெய்வதும் நான்.

நாலு மணிச் சொட்டுக்கு முகத்தைத் திருப்பினேன். வலது கண்ணைத் திறந்தார். "என்ன தெரியுது?" என்றேன். "கலங்கின தண்ணியாட்ட இருக்குது. நீ இருக்கறது தெரியுது. மூஞ்சி தெரியல" என்றார். சொட்டு போட்டுவிட்டு, மூடியை வைத்துவிட்டு, மாவு அறைக்குப் போய் நின்றேன்.

பயமாக இருக்கிறது. ஏழாம் தேதி எழுதியது பொய். அவருக்கு என் முகம் தெரியாமலேயே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கண் தெரிந்தால் தோட்டம் போனதும் தெரிந்துவிடும். தெரியட்டும். எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன், அந்தப் பொட்டலை அவர் கண்ணால் பார்த்தால் போதும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

ஆறு வேளை. குப்புறப் படுக்கை இன்றோடு முடிந்தது. கொடியேற்றிவிட்டு வந்த மௌனிகா தனக்குக் கொடுத்த இரண்டு மிட்டாயில் ஒன்றை அப்பா வாயில் வைத்தாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் தலையணைத் தடம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆறு வேளை.

திரை ஒட்டிக்கொண்டுவிட்டது என்றார் டாக்டரம்மா. ஆனால் எவ்வளவு பார்வை வரும் என்று இப்போது சொல்ல முடியாதாம். வாயு கரையக் கரைய மேலேயிருந்து தெளியும், ரெண்டு வாரம் பாருங்கள் என்றார். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் முதல் வரியின் ஒற்றை எழுத்தைக்கூட இவரால் படிக்க முடியவில்லை. விரலைத்தான் எண்ணினார். நான்கு விரலை மூன்று என்றார்.

பஸ்ஸில் வரும்போது, "அம்மிணி, டிவிய நான் இந்த ஞாயித்துக்கெழம பாக்கல. அடுத்த ஞாயித்துக்கெழம பாக்கறேன். கண்ணுல அந்தக் கலங்கல் தண்ணி எறங்கட்டும்" என்றார். நான் கேட்கவே இல்லை, அவராகத்தான் சொன்னார். எனக்கு இன்னும் ஒன்பது நாள் கிடைத்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆறு வேளை. கண்ணுக்குள் தண்ணீர்க் கோடு மாதிரி ஒன்று ஆடுகிறதாம். தலையை அசைத்தால் அதுவும் அசைகிறதாம். கோட்டுக்கு மேலே உத்தரத்து மூங்கில் தெரிகிறது என்றார். நம் வீட்டில் ஏது மூங்கில், அது ட்யூப்லைட். திருத்தவில்லை.

இரண்டு கோழி.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

"சொல்லீரும்மா" என்கிறாள் மௌனிகா. பெயர்ப் பலகை முடியட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆறு வேளை. காலையில் காலண்டரில் பெரிய எழுத்துத் தேதியைப் படித்தார். இருபத்திரண்டு. கிழித்து வைத்திருக்கிறேன், இந்தப் பக்கத்துக்குள்.

முதல் அறுவடை முடிந்தால் அந்த விளையாட்டில் பலகையை மாற்றி எழுத விடுகிறார்கள். பழையபடியே எழுதலாம் என்று மௌனிகா சொன்னாள். நான் கன்ட்ரோலரை வாங்கி (கை கழுவியிருந்தேன்) ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திப் போட்டேன். ஓகே அமுத்துவதற்கு முன் மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் இவர் கேட்டார், "உன்ற பேரும் சேத்துப் போடட்டுமா?" என்று. மண்ணில்லாத தோட்டத்துக்கு என் பேர் எதுக்கு என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூராவும் இரண்டு பேரும் அதிலேயே கிடந்தால் எனக்குக் கோபம் வராதா? அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

8.00, 10.00, 12.00, 2.00, 4.00.

சாயங்காலம் இவரே நாற்காலியை வழக்கமான இடத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போடு பாப்பா" என்றார். நான் இவருக்கும் டிவிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லணும்."

"நகரு அம்மிணி. பாத்துட்டுப் பேசலாம்."

நகர்ந்தேன். வலது கண்ணைச் சுருக்கி, தலையைக் கொஞ்சம் கீழே சாய்த்து, கோட்டுக்கு மேல் பிடித்துப் பார்த்தார். மௌனிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு கோழி" என்றார்.

சரியாக நாலுதான். கண் தெரிகிறது. எனக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது. "பன்னெண்டுன்னு சொன்னது பொய்யுங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டேன். எட்டாந்தேதி" என்றேன்.

"தெரியும். பட்டன் இடுக்குல உளுந்து மாவு. இந்த வீட்டுல மாவுக் கையோட ஓகே அமுத்தறது யாரு?"

தோள் குலுங்கியதே, அது அழுகை இல்லையாம், சிரிப்பாம். அத்தனை நாளும் எனக்குத்தான் பாடம் நடத்தியிருக்கிறார், வெங்காயமும் மீனும். நான் அதைப் பட்டறை ஆளுக்கு என்று எழுதி வைத்திருக்கிறேன், முந்தின பக்கத்தைப் புரட்டினால் சிரிப்பாக இருக்கிறது.

"தெரிஞ்சும் ஏனுங்கப்பா தெனமும் பழைய தோட்டத்தையே கேட்டீங்க?" என்றாள் மௌனிகா.

"உங்கொம்மா இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கறதில்லைன்னு நெனச்சிருந்தேன் சாமி. பாலத்துல மூணாவது பலகை ஒடைஞ்சது எனக்கே நாபகமில்ல. உங்கொம்மா சொல்லச் சொல்லத்தான் எனக்குத் தோட்டமே தெரிஞ்சுது. மூணு வருஷம் நம்மகூடவேதான் இருந்திருக்குது. அதக் கேக்கறதுக்கு இன்னும் பத்து நாள் குப்புறப் படுக்கலாம்."

முந்தானையால் மூக்கைத் துடைத்தேன்.

அப்புறம் திரையின் மேல்பக்கம் பார்த்தார். அங்கேதான் பலகை. கோட்டுக்கு மேலே இருக்கிறது. ஆனால் எழுத்து சின்னது, மஞ்சள் மேல் பழுப்பு. எட்டடி தூரம். ஆஸ்பத்திரியில் உள்ளங்கை அளவு எழுத்தையே படிக்காதவர்.

"நா... ச்சி" என்றார். அது பழைய பெயர், மனப்பாடமாகச் சொல்லியிருக்கலாம். "மௌ... னி." அதுவும்தான். நிறுத்தினார். தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு இருக்குது. எஸ். ஈ. ரெட்ட எல்லா? இல்ல, ஒண்ணுதான். எல். வி..."

கடைசி எழுத்தைச் சொல்லவில்லை. டிவியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார்.

"பேரக் குடுத்துட்டயா அம்மிணி" என்றார்.

மூஞ்சி தெரியுதா என்று கேட்டேன். மூக்குச் சிவந்திருக்கிறது என்றார்.

அப்புறம் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினார். மௌனிகா கீழே எங்கள் காலருகில் உட்கார்ந்து, இடி, இடி என்று கார் விளையாட்டு மாதிரிக் கத்திக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் இடிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

சாயங்காலச் சொட்டு: 6.40. நாற்பது நிமிஷம் தாமதம். தப்பு என்னுடையது, கோழிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தேன்.